ஏட்டிலுள்ள பெயரும் செய்கின்ற வேலையும்

ஒருவனுடைய உழைப்பின் மதிப்பை நிர்ணயிப்பது அவன் செய்யும் வேலையா, அல்லது ஏட்டில் அவன் பெயருக்கு நேரே எழுதப்பட்டிருக்கும் சொல்லா? தோட்டத்து மக்களுக்கு இக்கேள்வி புதிதன்று. செக்ரோலில் ‘பால்வெட்டு’ என்றெழுதினால் ஒரு கணக்கு. ‘புல்வெட்டு’ என்றெழுதினால் வேறொரு கணக்கு. எழுதுகின்ற கை கிராணியுடையது. பலனை அனுபவிக்கின்ற வயிறு தொழிலாளியுடையது. ஏடெழுதும் தொழிலில் இருப்பவர் என்ற முறையில், அரசாங்கங்கள் தம் சிப்பந்திகளை எங்ஙனம் வகுத்து எழுதி வந்தன என்னும் சரித்திரத்தை ஆராய்வது நமக்கும் நம் வாசகர்க்கும் பயனுடைத்தென்று கருதுகின்றோம்.

நம் நாட்டைப் பொறுத்தவரையில் இச்சரித்திரம் இங்கிலாந்தில் தொடங்குகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அங்கே சர்க்கார் உத்தியோகம் பெரும்பாலும் சிபாரிசின் பலனாகவே இருந்தது. பெரிய குடும்பத்தாரின் தயவு பெற்றவர் மேசையில் அமர்ந்தனர். தயவு இல்லாதார் வாயிலில் நின்றனர். இதனை ஒழிக்க விரும்பி நார்த்கோட், டிரெவெலியன் என்னும் இருவர் ஓர் அறிக்கை எழுதினர். 1853 நவம்பரில் முடிவுற்று 1854இல் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட அவ்வறிக்கை, பரீட்சையின் மூலமே ஆள் சேர்க்க வேண்டும், தகுதி நோக்கியே பதவி உயர்த்த வேண்டும் என்று வற்புறுத்தியது. இவ்விருவரில் டிரெவெலியன் தமிழர்க்கு முற்றிலும் அந்நியரல்லர். 1859இல் சென்னை மாகாணத்தின் கவர்னராக வந்து, வருமான வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்தமையால் மறு ஆண்டே திருப்பியழைக்கப்பட்டவர் அவரே.

அறிக்கையின் நன்மையை நாம் மறுக்கவில்லை. பிறப்பும் சிபாரிசும் அடைத்து வைத்திருந்த கதவைப் பரீட்சை திறந்தது. ஆனால் அதே அறிக்கை உத்தியோக வேலையை அறிவால் செய்வது, இயந்திரம் போற் செய்வது என இரண்டாகவும் பிளந்தது. 1870இல் பிறந்த அரசாணை பொதுப் போட்டிப் பரீட்சையைப் பெரும்பாலான இலாகாக்களில் நிலைநாட்டிய பொழுது, மேல் உத்தியோகத்துக்கு ஒரு பரீட்சையும் கீழ் உத்தியோகத்துக்கு வேறொரு பரீட்சையும் ஏற்பட்டன. மேற்பரீட்சை சர்வகலாசாலையில் பயின்றார்க்கு ஏற்றதாக அமைந்தது. கீழே நுழைந்தவன் எத்துணை வல்லவனாயினும் மேலே ஏறுதல் அரிதாயிற்று. திறந்த கதவுக்குள் ஒரு சுவர் எழுந்தது எனலாம்.

இந்தச் சுவர் மலாயாவுக்குக் கப்பலேறி வந்தபொழுது அதன்மேல் நிறமும் பூசப்பட்டது. 1904இல் வகுக்கப்பட்ட விதி, நிர்வாக உத்தியோகப் பரீட்சைக்கு வருவோர் தாய்வழி தந்தைவழி இரண்டிலும் ஐரோப்பியராய் இருத்தல் வேண்டுமெனக் கூறிற்று. 1910இல் மலாய்க்காரர்க்கென ஏற்படுத்தப்பட்ட நிர்வாக சேவையும், 1930களில் நீரிணைக் குடியேற்றத்தில் உள்நாட்டார்க்கென ஏற்பட்ட சேவையும் வெள்ளையர் சேவைக்குக் கீழ்ப்படியாகவே வைக்கப்பட்டன. ஆபீசுகளில் குமாஸ்தாக்களாகவும் ரயில் நிலையங்களில் அதிகாரிகளாகவும் யாழ்ப்பாணத்தாரும் ஏனைய தமிழரும் பலர் இருந்தனர். அவர்க்கும் கீழே, ரயில்பாதை போட்டவரும், பொதுமராமத்து ரோடு அடித்தவரும், நகரசபைத் தெரு கூட்டியவருமான நம் மக்கள் தினக்கூலிகளாய் நின்றனர். இவர்கள் வேலை செய்தது சர்க்காருக்கு. ஆயினும் உத்தியோகஸ்தர் என்னும் சொல் இவர்களைத் தொடவில்லை.

யுத்தத்துக்குப் பின் 1947இல், சம்பள விஷயத்தை ஆராய்ந்த டிரஸ்டெட் கமிஷனின் யோசனைப்படி, சிங்கப்பூர் உத்தியோகங்கள் வேலைக்கும் சம்பளத்துக்கும் ஏற்ப முதற் பிரிவு தொடங்கி நான்காம் பிரிவு வரையில் ஒழுங்கு செய்யப்பட்டன. ஒழுங்கு வந்ததே ஒழியச் சண்டை ஓயவில்லை. 1952இல் ஐரோப்பிய உத்தியோகஸ்தர்க்குத் தனியே குடும்பப் படி கொடுக்க முற்பட்ட பொழுது உள்நாட்டு உத்தியோகஸ்தர் ஒன்றுகூடி எதிர்த்தனர். அவர்களை முன்னின்று நடத்தியவருள் கோ கெங் சுவீயும் ஒருவர். அதே ஆண்டு மே மாதத்தில் சிங்கப்பூர்த் தபால்காரர், பெரும்பாலும் மலாய்க்காரரும் இந்தியருமாயிருந்தவர், சம்பள விகிதத்தைத் திருத்தக் கோரி இரண்டு வாரகாலம் வேலைநிறுத்தம் செய்தனர். மேலே இருந்தவன் படிக்காகப் போராடினான். கீழே இருந்தவன் விகிதத்துக்காகப் போராடினான். இருவர் கேள்வியும் ஒன்றே: ‘எம்மை எந்த அளவுகோலால் அளந்தீர்?’

நிற்க. அளவுகோல் எப்படியிருத்தல் வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் அநுபவம் உதவும். அங்கே ஒரே வேலை வெவ்வேறு இலாகாக்களில் வெவ்வேறு பெயரோடும் வெவ்வேறு சம்பளத்தோடும் நடந்து வந்தது. 1923இல் இயற்றப்பட்ட வகைப்பாட்டுச் சட்டம் இதற்கு ஒரு பரிகாரம் கண்டது. மனிதனை அளவாதே, அவன் அமர்ந்திருக்கும் இடத்தை அள என்பதே அதன் கருத்து. அந்த இடத்தில் நாள்தோறும் நடப்பது யாது? அதன் பொறுப்பு எவ்வளவு? அதற்கு வேண்டிய அறிவும் பழக்கமும் யாவை? இம்மூன்றையும் எழுதி, ஒத்திருப்பவற்றை ஒரே வகுப்பில் சேர்த்து, ஆணாயினும் பெண்ணாயினும் சம வேலைக்குச் சம சம்பளம் என்னும் கொள்கையை அச்சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்நாட்டில் நிறவேற்றுமை அதனால் ஒழிந்துவிடவில்லை. நல்ல அளவுகோலும் பிடிக்கின்ற கையைப் பொறுத்ததே. எனினும் வேலையை உள்ளபடி எழுதிவைத்தால், அநீதி செய்பவன் எழுத்துக்கு விரோதமாகச் செய்ய வேண்டியவனாகிறான். எழுதாவிடத்து அவனுக்கு அந்தச் சங்கடமும் இல்லை.

இனி நம் இரு நாடுகளின் பிற்காலத்தை நோக்குவோம். மலேசியாவில் ஏ, பி, சி, டி என நான்கு எழுத்துகளாக இருந்த பிரிவுகள் 1992 ஜனவரியில் வந்த புதிய ஊதிய முறையால் நீக்கப்பட்டு, உயர் நிர்வாகம், நிர்வாகமும் தொழில்வல்லமையும், உதவிப் பணி என மூன்று குழுக்களாயின. அதற்கு முந்திய ஆண்டில், ஒவ்வொருவரும் தம் கடமைகளையும் வேலைசெய்யும் முறைகளையும் எழுதி வைத்துக்கொள்ளும் மேசைக் கோப்பு முறையைச் சர்க்கார் சுற்றறிக்கை வகுத்தது. 2002இலும், பின்னர் 2024 டிசம்பரிலும் ஊதிய முறை மீண்டும் மாற்றப்பட்டது. சிங்கப்பூரோ, படிப்புச் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டிருந்த நான்கு பிரிவுப் பெயர்களையும் 2017 ஜனவரி முதல் வழக்கிலிருந்து விலக்கியது. பட்டதாரி முதற் பிரிவு, தொடக்கப் பள்ளியோடு நின்றவன் நான்காம் பிரிவு என நெற்றியில் ஒட்டும் சீட்டு கிழிக்கப்பட்டதை நாம் மனமார வரவேற்கின்றோம். எழுபது ஆண்டு கழிந்தே கிழிந்தது என்பதையும் நினைவிற் கொள்ளல் தகும்.

ஆனால் ஏணியைத் திருத்துவோர் செய்யும் ஒரு காரியத்தை நாம் ஏற்க இயலாது. கடைசிப் படியைச் செப்பனிடுவதற்குப் பதிலாக, அப்படியையே அறுத்துக் குத்தகைக்காரர் கையிற் கொடுத்துவிடுகின்றனர். 1990கள் தொட்டு மலேசியப் பள்ளிக்கூடங்களைத் துப்புரவு செய்யும் வேலையும் காவல் வேலையும் இவ்வாறே சென்றன. தோட்டத்தை விட்டு நகரம் புகுந்த நம் தாய்மார் பலர் இன்று துடைப்பம் பிடித்து நிற்பது இவ்வேலையிலேதான். துடைக்கின்ற தளம் அரசாங்கத்தினுடையது. துடைப்பவள் பெயரோ அரசாங்க ஏட்டில் இல்லை. தாழ்ந்த வகுப்பில் எழுதப்பட்டவனாவது உயர்த்தும்படி கேட்கலாம். எழுதவே படாதவள் எங்கே சென்று கேட்பாள்? இரயில்பாதைத் தினக்கூலியின் பழைய நிலை வேறு உடுப்பில் திரும்பி வந்திருக்கின்றது.

ஆகவே தோழர்களே! வகுப்புப் பிரிவினை என்பது பெரிய ஆபீசுகளின் காகித விவகாரமென்று ஒதுக்கிவிட வேண்டாம். நும் பிள்ளை உத்தியோகத்தில் சேரும் நாளில், சம்பளம் எவ்வளவு என்பதோடு, தன் கடமை என்னவென்று எழுத்தில் எங்கேயுள்ளது என்றும் கேட்கச் சொல்லுங்கள். எழுதியதற்கு மேல் வேலை வாங்கப்பட்டால் அதனைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். சங்கங்கள் சம்பள உயர்வு கேட்கும்பொழுது, செய்கின்ற வேலையின் பட்டியலை முன்வைத்துக் கேட்கட்டும். குத்தகை வேலையில் இருப்போரையும் தம்மில் ஒருவராக எண்ணிக் கேட்கட்டும். செய்கின்ற வேலை எதுவோ அதுவே ஏட்டில் ஏற வேண்டும்; ஏறிய வேலைக்கு உரிய கூலி கைக்கு வர வேண்டும். இதற்குக் குறைந்த எதனையும் சீர்திருத்தம் என்று நாம் ஒப்புக்கொள்ளோம்.