நாவலூர்த் தெருவில் ஒரு சிறுதேர்

2010ஆம் ஆண்டு வெளிவந்த 'டாய் ஸ்டோரி 3' என்ற அனிமேஷன் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். 1995இல் வந்த முதல் படத்தில் பொம்மைகளோடு உருண்டு புரண்ட சிறுவன் ஆண்டி, இப்போது பதினேழு வயது இளைஞன். கல்லூரிக்குப் புறப்படுகிறான். பெட்டிகள் கட்டியாயிற்று. அறைக்குள் நுழையும் தாய், வெறுமையான சுவர்களைக் கண்டு ஒரு கணம் மூச்சு நின்று போகிறாள். அதன் பிறகுதான் பொம்மைகளை ஒரு சிறுமியிடம் ஒப்படைக்கும் புகழ்பெற்ற இறுதிக்காட்சி. அரங்கில் பிள்ளைகள் சிரித்துக் கொண்டிருக்க, பெற்றோர் கண்களைத் துடைத்துக் கொண்ட படம் அது.

பிள்ளைப் பருவம் முடிந்துவிட்டதை, கைவிடப்பட்ட விளையாட்டுப் பொருளைக் கொண்டு சொல்லும் இந்த உத்தி நமக்குப் புதியதன்று. ஐங்குறுநூற்றில் 'மகட்போக்கிய வழித் தாயிரங்கு பத்து' என்றே ஒரு பகுதி உண்டு. மகள் தன் காதலனோடு சென்றுவிட்டாள். வீட்டில் எஞ்சியிருப்பவை அவளுடைய பாவையும் கிளியும் பூவையும். அவற்றை ஒவ்வொன்றாகக் காணும்போதெல்லாம் தாய் கலங்குகிறாள். ஆண்டியின் தாய் நின்ற அதே வெற்றறையின் வாயிலில், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்த்தாய் நின்றிருக்கிறாள்!

சரி, மகளைப் பிரிந்த தாய்க்குப் பத்துப் பாடல்கள். மகனைப் பிரிந்த தாய்க்கு? இந்தக் கேள்வியோடுதான் திண்டிவனம், விழுப்புரம் வழியாக நடுநாட்டுக்குள் நுழைகிறோம்.

திண்டிவனத்தில் இறங்கியதும் நினைவுக்கு வருவது ஓய்மாநாடும் அதை ஆண்ட நல்லியக்கோடனும். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் இவன். அந்நூல் பாடும் கிடங்கில் இன்று திண்டிவனம் நகருக்குள்ளேயே அடங்கிவிட்டது. இவனைப் புறத்திணை நன்னாகனார் பாடிய புறநானூற்றுப் பாடலில் (176) ஓர் அழகிய காட்சி வருகிறது. பன்றிகள் கிளறிப்போட்ட கருஞ்சேற்றைச் சிறுமியர் கூட்டமொன்று விளையாட்டாகத் தோண்டுகிறது. கிடைப்பவை ஆமை முட்டையும் ஆம்பல் கிழங்கும். அரசனின் ஊர்ப்பெருமையைச் சொல்ல வந்த புலவர் கோட்டையையும் கொத்தளத்தையும் விட்டுவிட்டுச் சேற்றில் விளையாடும் சிறுமியரைத் தேர்ந்தெடுத்தது நம் நெஞ்சைத் தொடுகிறது.

சிறுவர்களுக்குரிய விளையாட்டுப் பொருளைத் தேடினால் மீண்டும் மீண்டும் கைக்கு அகப்படுவது சிறுதேர்தான். பட்டினப்பாலையின் சிறுவர்கள் மூன்று சக்கரச் சிறுதேரை உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையில் அதைத் தச்சர் செய்து தருகின்றனர். குறுந்தொகை 61ஆம் பாடலில் தோழி சொல்லும் உவமை இவற்றினும் நுட்பமானது. தச்சன் செய்த சிறு வண்டியில் பிள்ளைகள் ஏறிச் செல்வதில்லை. கையால் இழுத்துச் செல்வதிலேயே இன்பம் காண்கிறார்கள். தலைவனின் நட்பிலும் எமக்கு அப்படியொரு இன்பம் உண்டு என்கிறாள் அவள். விளையாட்டைக் கடந்துவிட்ட ஒருத்தி தன் காதல் துயரைச் சொல்லப் பிள்ளைகளின் வண்டியைத்தான் நாடுகிறாள். பின்னாளில் ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசிப் பருவமாகச் சிறுதேர் வந்து அமர்ந்தது. தேரை உருட்டி முடித்தால் பிள்ளைத்தமிழும் முடிந்தது!

இப்போது திருநாவலூர். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகிலுள்ள ஊர். 1993 முதல் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. பழைய பெயரில் திருமுனைப்பாடி நாடு. சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் பிறந்த நம்பி ஆரூரர் என்னும் பிள்ளை இவ்வூர்த் தெருவில் தேர் உருட்டிக் கொண்டிருக்கிறது. அவன்தான் பின்னாளைய சுந்தரர். சேக்கிழார் அந்தப் பிள்ளைக்கு அணிகலன்களைக் கூட மறக்காமல் பூட்டுகிறார்: மார்பில் ஐம்படை, காலில் சதங்கை, நெற்றியில் சுட்டி, அரையில் பொன் நாண். (திருமாலின் ஐந்து ஆயுதங்கள் கோத்த ஐம்படைத்தாலி சிவவேதியர் வீட்டுப் பிள்ளையின் மார்பில் மின்னுவதை இன்றைய சமயச் சண்டைக்காரர்கள் கவனிக்க வேண்டும்.)

அவ்வழியே வந்த சிற்றரசர் நரசிங்க முனையரையர் பிள்ளையைக் காண்கிறார். ஆசை பெருகுகிறது. பெற்றோரிடம் சென்று, நட்பின் உரிமையால் கேட்டுப் பெற்று, தம் மகனாகவே வளர்க்கிறார். 'மகன்மை கொண்டார்' என்பது சேக்கிழாரின் சொல். தெருவில் தேர் உருட்டுவதும் அரண்மனை சேர்வதும் ஒரே மூச்சில் நடந்துவிடுகின்றன. தேர் என்ன ஆயிற்று? அன்றிரவு இசைஞானியார் அதை எங்கே எடுத்து வைத்தார்? தாயிரங்கு பத்துப் பாடிய மொழியில் இதற்கு ஒரு பாடல் இல்லை. சேக்கிழாரின் நோக்கம் வேறு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனாலும் தெருவோரத்தில் நின்றுபோன அந்தச் சிறுதேரை விட்டு நம் கண்கள் அகல மறுக்கின்றன.

இவ்வூருக்கு இன்னொரு மகனும் வந்தான். முதலாம் பராந்தக சோழரின் மகன் இராஜாதித்தர், வட எல்லையைக் காக்கப் படையோடு இப்பகுதியில் தங்கியிருந்தார். இங்குள்ள கோயிலைக் கற்றளியாக்கியவர் அவரே. ஊருக்கே இராஜாதித்தபுரம் என்ற பெயரும் வழங்கியது. 949இல் தக்கோலப் போரில் இறந்த அவர் தந்தையின் அரியணையைக் காணவேயில்லை.

ஆரூரருக்குத் திருமண வயது வருகிறது. புத்தூரில் மணக்கோலத்தில் அமர்ந்திருந்தவரை ஒரு முதியவர் ஓர் ஓலையைக் காட்டித் தடுக்கிறார். உன் பாட்டன் தானும் தன் வழியினரும் எனக்கு அடிமை என்று எழுதித் தந்த ஆளோலை இது என்கிறார். பித்தனோ என்று சீறிய மணமகன் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை மட்டுமே! மூலவோலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் நீட்டப்படுகிறது. பாட்டனின் வேறொரு கைச்சாத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த சபையார் வழக்கில் முதியவரே வென்றதாகத் தீர்ப்பளிக்கின்றனர். அரண்மனையில் வளர்ந்தாலும் பிறந்த வீட்டுப் பாட்டனின் கையெழுத்திலிருந்து அவரால் தப்ப முடியவில்லை. சீறிச் சொன்ன அந்தச் சொல்லே 'பித்தா' என்று அவருடைய முதல் பதிகத்தின் முதற்சொல்லாயிற்று.

பின்னர்த் திருவாரூரில் அவர் பாடிய திருத்தொண்டத்தொகை, அடியார்களின் பெயர்ப்பட்டியல். அதில் வளர்த்த தந்தை நரசிங்க முனையரையர் இருக்கிறார். திருநாவலூர்ப் பதிகத்திலும் அவர் பெயரைச் சொல்லி, அவ்வூரை நமக்கு ஊர் என்று உரிமை கொண்டாடுகிறார். தொகையின் கடைசிப் பாடலில் சடையனாரும் இசைஞானியாரும் வருகிறார்கள். அதனால்தான் அவ்விருவரும் அறுபத்துமூவரில் அடங்கினர். பெரியபுராணத்தில் இசைஞானியாரின் புராணம் ஒரே ஒரு பாடல். ஆனால் உலகெல்லாம் நம்பி ஆரூரர் என்றும் வன்தொண்டர் என்றும் அழைத்தவர், அந்தக் கடைசிப் பாடலில் தம்மை இசைஞானியின் 'காதலன்' என்கிறார். பழந்தமிழில் அச்சொல்லுக்கு அன்பு மகன் என்று பொருள்.