தவணை முதல் அட்டை வரை: கை மீறும் செலவின் வரலாறு

வரவுக்கு மேல் செலவு செய்வோர் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். அந்தப் பலவீனத்தைச் சுற்றி ஒரு பெரும் வியாபார முறையே எழுந்தது 1850களின் அமெரிக்காவில். சிங்கர் தையல் மிஷின் ஒன்று அப்போது 100 டாலருக்கு மேல் விற்றது. சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 500 டாலர்தான். மிஷினுக்கு ஆசைப்பட்ட வீடுகள் ஏராளம். நூறு டாலரை மொத்தமாக எண்ணி வைக்கக்கூடிய வீடுகள் சொற்பம். ஐசக் சிங்கரின் பங்காளியும் வழக்கறிஞருமான எட்வர்ட் கிளார்க் 1856-இல் இதற்கு ஒரு வழி கண்டார். சிறு தொகையை முன்பணமாகக் கட்டிவிட்டு மிஷினை எடுத்துப் போகலாம். மீதியை மாதாமாதம் கட்டலாம். 1855-இல் 883 மிஷின் விற்ற நிறுவனம் மறு ஆண்டில் 2,564 விற்றது.

ஒரே ஆண்டில் யாருடைய வருமானமும் மும்மடங்காகிவிடவில்லை. நூறு டாலர் என்ற பெரிய எண் கண்ணிலிருந்து விலகி, மாதம் சில டாலர் என்ற சின்ன எண் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. தையல் மிஷின் சம்பாதித்துத் தரும் பொருள் என்பதால் அந்தத் தவணையில் நியாயம் இருந்தது. ஆனால் அதே முறை அறைகலன், பியானோ என்று வேறு பொருட்களுக்கும் பரவியது.

இதற்கு நேரெதிரான ஏற்பாடு ஒன்று 1909-இல் பென்சில்வேனியாவின் கார்லைல் ஊரில் பிறந்தது. அங்கிருந்த வங்கி ஒன்றின் பொருளாளர் மெர்க்கெல் லாண்டிஸ் 'கிறிஸ்துமஸ் சேமிப்பு' என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். வாரந்தோறும் சிறு தொகை கட்ட வேண்டும். பண்டிகை நெருங்கும்போது மொத்தமாகக் கைக்கு வரும். முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 350 பேர். தலைக்கு ஏறக்குறைய 28 டாலர் சேர்ந்தது. பின்னர் நாடெங்கும் பரவிய இத்தகைய திட்டங்கள் பலவற்றில் வட்டி சொற்பம், சிலவற்றில் வட்டியே இல்லை. இடையில் பணத்தை எடுக்கவும் எளிதில் விடமாட்டார்கள். கணக்குப் பார்த்தால் சாதாரணச் சேமிப்புக் கணக்கே லாபம். இருந்தும் மக்கள் பூட்டைத் தேடிப் போய்ப் பணம் கட்டினார்கள். தீபாவளிச் சீட்டு கட்டும் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இந்த மனநிலையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சேமித்த பிறகே வாங்குவது என்ற வழியைக் காருக்கும் கொண்டுவரப் பார்த்தார் ஹென்றி ஃபோர்டு. கடன் வாங்கிப் பொருள் வாங்குவதை அவர் வெறுத்தார். 1923-இல் அவர் நிறுவனம் அறிவித்த திட்டத்தில், வாடிக்கையாளர் வாரம் 5 டாலர் கட்டிக்கொண்டே வர வேண்டும். முழு விலையும் சேர்ந்த பிறகு கார் கிடைக்கும். போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸோ 1919-லேயே கடன் தருவதற்கென்று தனி நிறுவனம் தொடங்கிக் காரை முதலிலேயே கொடுத்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் புதுக் காரில் போகும்போது பாஸ்புக்கைப் பார்த்துக்கொண்டு எத்தனை வாரம் பொறுப்பது? ஃபோர்டின் திட்டம் படுத்தது. 1928-இல் அவர் நிறுவனமும் தவணைக்கு இறங்கி வந்தது.

தவணைக் கடனிலும் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாகக் கையெழுத்து வேண்டும். அது ஒரு சிறு தடை. அந்தத் தடையும் நீங்கியது 1958 செப்டம்பரில். கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரத்தில் சுமார் 60,000 வீடுகளுக்குத் தபாலில் ஓர் அட்டை வந்து விழுந்தது. யாரும் கேட்கவில்லை, யாரும் விண்ணப்பிக்கவில்லை. பேங்க் ஆஃப் அமெரிக்கா தானாகவே 300 அல்லது 500 டாலர் கடன் வரம்போடு அனுப்பிய கிரெடிட் கார்டு அது. சிறு தொகை என்றால் கடைக்காரர் வங்கியைக் கூப்பிட்டுக் கேட்கக்கூட வேண்டாம். அடுத்த ஆண்டு முடிவதற்குள் மாநிலம் முழுக்க 20 லட்சம் அட்டைகள் போய்ச் சேர்ந்தன. 4 சதவீதம் பேர் பாக்கி வைப்பார்கள் என்று எண்ணியிருந்த வங்கிக்கு 22 சதவீதம் பாக்கி நின்றது. திருட்டும் மோசடியும் சேர்ந்துகொள்ள, அது வெளியில் ஒப்புக்கொண்ட நட்டம் மட்டும் 88 லட்சம் டாலர். ஆனாலும் சில ஆண்டுகளில் திட்டம் லாபத்துக்குத் திரும்பிவிட்டது. கேட்காதவர்களுக்கு அட்டை அனுப்புவதை அமெரிக்க நாடாளுமன்றம் தடுத்தது 1970-இல்தான். அதற்குள் பழக்கம் வேரூன்றியிருந்தது.

உளவியல் விளக்கம் இவற்றுக்கெல்லாம் பின்னாலேயே வந்தது. பணத்தைக் கொடுக்கும்போது மனத்தில் ஒரு வலி எழுகிறது, செலவுக்குக் கடிவாளம் அந்த வலிதான் என்று 1998-இல் டிராசன் பிரெலெக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் இருவரும் எழுதினர். 2001-இல் வெளியான ஒரு சோதனையில் பிரெலெக்கும் டங்கன் சிமெஸ்டரும் நிர்வாகவியல் மாணவர்களை ஒரு கூடைப்பந்து ஆட்டத்தின் டிக்கெட்டுக்கு ஏலம் கேட்கச் சொன்னார்கள். அட்டையில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள் ரொக்கம் கொடுக்க வேண்டியவர்களைப் போல ஏறக்குறைய இருமடங்கு கேட்டார்கள். அதே ஆட்டம், அதே டிக்கெட். அட்டையில் வாங்கும்போது பொருள் இன்று வருகிறது. வலி அடுத்த மாதம், வேறு இருபது செலவுகளோடு கலந்து, ஒற்றை எண்ணாக வருகிறது. எந்தப் பொருள் எவ்வளவு சுமையைச் சேர்த்தது என்பது அதற்குள் மறந்துபோகிறது.

செலவைக் கட்டுப்படுத்தும் வழிகளுக்கும் இப்படி ஓர் உளவியல் விளக்கம் உண்டு. ரிச்சர்ட் தாலரும் ஹெர்ஷ் ஷெஃப்ரினும் 1981-இல், ஒரே மனிதனுக்குள் திட்டமிடுபவன் ஒருவனும் அந்தந்த நேரத்து ஆசைக்கு ஆடுபவன் ஒருவனும் இருப்பதாகக் கொண்டு, கிறிஸ்துமஸ் சேமிப்பின் புதிரை விளக்கினர். பூட்டுப் போடுவது முதலாமவன். சம்பளம் வந்ததும் வாடகைக்கு, மளிகைக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு என்று தனித்தனி உறையில் ரொக்கத்தைப் பிரித்து வைத்த பழைய குடும்ப வழக்கமும் அதே வேலையைச் செய்தது. உறை காலியானால் அந்த மாதத்துக்கு அந்தச் செலவு முடிந்தது; மனத்தோடு வாதாட வேண்டிய அவசியமில்லை.

தாலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 1998-இல் ஒரு நிறுவனத்தில் இந்தப் பூட்டை இன்னும் நயமாகப் போட்டுப் பார்த்தார்கள். இன்றைய சம்பளத்தில் கை வைக்காமல், வரப்போகும் ஊதிய உயர்வில் ஒரு பங்கைச் சேமிப்புக்கு ஒதுக்க ஊழியர்கள் முன்கூட்டியே சம்மதித்தார்கள். 40 மாதத்தில் சம்பளத்தில் அவர்கள் சேமித்த பங்கு 3.5 சதவீதத்திலிருந்து 13.6 சதவீதமாக உயர்ந்தது. வெறும் எச்சரிக்கைக்கு இத்தனை வலு இல்லை. 2009-இல் வந்த அமெரிக்கச் சட்டம், குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்பதை ஒவ்வொரு அட்டைக் கணக்கு அறிக்கையிலும் அச்சிட வைத்தது. அதைப் படித்து மாறியவர்கள் மிகக் குறைவு என்றே பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின.