இறுதிப் படுக்கையும் அயலார் துணையும்

மருத்துவம் இருவகைத் தொண்டுகளை உடையது. நோயைத் தீர்ப்பது ஒன்று. தீராது என்று தெரிந்த பின்னரும் நோயுற்றாரைக் கைவிடாமல் காப்பது மற்றொன்று. முதல் தொண்டுக்கு வரலாற்று நூல்களில் தனி இடம் உண்டு. இரண்டாவது தொண்டு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நிகழ்ந்தது; அதைச் செய்தவர்களுள் மிகப் பலர் பெண்கள். ஆகவே அதைப் பற்றிய பதிவுகள் குறைவாகவே கிடைக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்கு அரிய சான்று ஒன்று உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில், 11 ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று காணப்படுகிறது. வேதம் கற்கும் மாணவர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் 15 கட்டில்கள் கொண்ட ஆதுலசாலை ஒன்று நடந்ததை அது கூறுகிறது. மருத்துவர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர் ஆகியோரோடு, நோயாளருக்கு மருந்தும் பணிவிடையும் அளிக்கும் பெண்கள் இருவருக்கும் அக்கல்வெட்டு ஊதியம் வகுத்துள்ளது. கட்டில் மட்டும் போதாது, கட்டிலருகே ஆளும் வேண்டும் என்பதை அக்காலத்தார் அறிந்திருந்தனர்.

ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், கடல் கடந்த தமிழருக்கு அந்த ஆள் கிடைத்தாரா? பினாங்கு மாநிலத்தின் நிலப்பகுதியில் உள்ள பத்து காவானின் வரலாறு இக்கேள்விக்கு விடை காண உதவும்.

ஆறுகளும் கடலும் சூழ்ந்தமையால் பத்து காவான் ஒரு தீவு போலவே விளங்கியது. 19 ஆம் நூற்றாண்டில் அது வெல்லஸ்லி மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. சீனரும் பின்னர் ஐரோப்பியரும் அங்கே கரும்பு பயிரிட்டனர். கரும்பு வெட்டவும் ஆலையில் உழைக்கவும் நாகப்பட்டினத்திலிருந்து தமிழர் கப்பலேறி வந்தனர். அவர்களுள் பலர் ஒப்பந்தக் கூலிகள். தாய், தந்தை, மனைவி, மக்கள் யாவரும் கடலுக்கு அப்பால் இருக்க, தனியே வந்த ஆண்களே மிகுதி. அத்தகையவன் நோயில் விழுந்தால் தலைமாட்டில் அமர உறவினர் எவரும் இலர்.

பினாங்குத் தீவையும் பத்து காவான் கரையையும் பிரிக்கும் கடலில் ஜெரஜாக் தீவு இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே தொழுநோயாளர் இல்லமும், கப்பலில் வந்தோரைத் தங்கவைத்துச் சோதிக்கும் நோய்த்தடுப்பு நிலையமும் அமைந்தன. தோட்டத்தைக் காணுமுன்னரே அத்தீவில் உயிர் நீத்தவர்களும் உண்டு.

1876 ஆம் ஆண்டில் நீரிணைக் குடியேற்றங்களில் இந்தியத் தொழிலாளர் பற்றிய சட்டம் வந்தது. 1890 இல் தொழிலாளர் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழு அமர்த்தப்பட்டது. தோட்ட மருத்துவமனை முதலாளியின் கடமை என்பது மெல்ல மெல்ல நிலைபெற்றது. அது நன்மையே. ஆயினும், தொழிலாளியை மீண்டும் வேலைக்கு அனுப்புவதே தோட்ட மருத்துவமனையின் முதல் நோக்கமாக இருந்தது. இனி வேலைக்குத் திரும்ப முடியாதவன் அந்தக் கணக்கில் எங்கே நிற்பான்? கட்டிலையும் மருந்தையும் கட்டளையிட்ட சட்டம், பற்றிக்கொள்ள ஒரு கையைக் கட்டளையிடவில்லை.

அக்கையை நீட்டியது லயம். ஒப்பந்த முறை 1910 ஐ ஒட்டி முடிவுக்கு வந்தது. கரும்பு மறைந்து ரப்பரும் தென்னையும் பெருகின, குடும்பங்கள் வேரூன்றின. ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து அமைந்த வீடுகளில், ஒரு வீட்டின் முனகல் அடுத்த வீட்டாருக்குக் கேட்கும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுக்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆகவே நோயாளியின் மனைவியும் வேலைக்குச் சென்றே ஆக வேண்டும். அந்நேரத்தில் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து அமர்வாள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் இருப்பர். ஒருத்தி கஞ்சி காய்ச்சுவாள்; மற்றொருத்தி துணி துவைப்பாள்; இரவில் ஆண்கள் மாறி மாறி விழித்திருப்பர். அத்தை, சின்னம்மா, அண்ணன் என்னும் முறைப்பெயர்கள் இரத்த உறவால் வந்தவை அல்ல; ஒரே லயத்தில் வாழ்ந்ததால் வந்தவை.

எனினும் பழமையைப் போற்றும்போது அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. லயத்தில் அன்பு இருந்தது. வலிக்கு மருந்து இல்லை. புற்றுநோய் கண்டவர் இரவெல்லாம் அலறினால், அருகிருந்தோர் அழுவதன்றி வேறொன்றும் செய்ய இயலவில்லை. மருத்துவமனையில் மருந்து இருந்து துணை இல்லை. லயத்தில் துணை இருந்து மருந்து இல்லை. இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடவில்லை என்பதே அக்காலத் துயரம்.

அவை கூடுவதற்கு வழி கண்டவர்களுள் தலையாயவர் இங்கிலாந்தின் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின்னர் அவர் மருத்துவரானார். 1967 இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தை நிறுவினார். இறப்பவரின் வலி உடலில் மட்டும் இல்லை. மனத்திலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் அது உண்டு என்பது அவர் கொள்கை. வலி வந்த பின் மருந்து தேடாமல், வலி மீளுமுன்னரே நேரம் தவறாது மார்பின் கொடுக்கும் முறையை அவர் நிலைநாட்டினார். 1986 இல் உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் நெறியை வெளியிட்டது.

மலேசியாவில் இவ்வியக்கம் 1990-களின் தொடக்கத்தில் கால்கொண்டது. 1991 இல் கோலாலம்பூரில் ஹோஸ்பிஸ் மலேசியா தோன்றியது. 1992 இல் பினாங்கில், தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தின் கிளை வீட்டுக்கே சென்று பேணும் திட்டத்தைத் தொடங்கியது. செவிலி நோயாளியின் வீட்டுக்கு வருகிறார். படுக்கைப்புண் வாராதபடி உடலைத் திருப்பக் கற்பிக்கிறார். வாயைத் துடைக்கவும் மருந்தை நேரப்படி கொடுக்கவும் வீட்டாரைப் பழக்குகிறார்.

குடும்பத்துக்கு அவர் செய்யும் உதவியும் சிறிதன்று. இறுதி நாள்களில் நோயாளி உண்ண மறுத்தால், பட்டினி போட்டுவிட்டோமோ என்று மக்கள் மனம் வெதும்புவர். உடல் தானே உணவை விலக்குகிறது என்று செவிலி விளக்கும்போது அந்தப் பழி அவர்களை விட்டு நீங்குகிறது. வாயில் பால் ஊற்றுவது தமிழர் வழக்கம். விழுங்கும் ஆற்றல் இல்லாதவருக்கு அது மூச்சை அடைக்கக்கூடும். பஞ்சில் தோய்த்து இதழை நனைத்தால் வழக்கமும் நிறைவேறும், தீங்கும் நேராது. மூச்சு விட்டு விட்டு வருவது முடிவின் அறிகுறி என்று முன்னரே அறிந்த குடும்பம், அந்நேரத்தில் அஞ்சி ஓடாமல் அருகில் அமர்ந்திருக்கும். இறந்த பின்னரும் ஒருமுறை வந்து துயர் கேட்பது இப்பணியின் ஒரு பகுதியாகும்.

கேரளத்தின் கோழிக்கோட்டில் 1993 இல் மருத்துவர் இராஜகோபாலும் சுரேஷ்குமாரும் தொடங்கிய பணி இன்னொரு படி முன்னேறியது. பின்னாளில் அங்கே ஊர் மக்களே பயிற்சி பெற்று, தம் தெருவிலுள்ள நோயாளரைக் காக்கும் அயலார் அமைப்பு உருவாயிற்று. லயத்துப் பாட்டி செய்த தொண்டுக்குப் பயிற்சியும் மருந்தும் சேர்ந்தால் எத்தகைய பயன் விளையும் என்பதற்கு இதுவே சான்று.

இன்று பத்து காவான் மாறிவிட்டது. 2014 இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளமுள்ள இரண்டாவது பாலம் அங்கேதான் கரை சேர்கிறது. கரும்பும் தென்னையும் நின்ற நிலத்தில் தொழிற்சாலைகளும் அடுக்குமாடிகளும் எழுந்துள்ளன. மருந்து முன்னினும் அருகில் வந்துவிட்டது. அயலார் விலகிப் போயினர். முனகலைக் கேட்ட மெல்லிய சுவர் இன்று இல்லை. 2019 முதல் 2030 வரைக்கான தேசியக் கொள்கை ஒன்றை மலேசிய அரசு இத்துறைக்கு வகுத்துள்ளது. ஆயினும் கொள்கை கதவைத் தட்டாது. மனிதர்தாம் தட்ட வேண்டும்.

திருமுக்கூடலில் பணி செய்த இரு பெண்களின் பெயரை இன்று எவரும் அறியார். லயத்துப் பாட்டியரின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் செய்த தொண்டை அறிந்து, அதற்குரிய பயிற்சியை இளையோருக்கு அளிப்பதே அவர்களுக்குச் செய்யும் நன்றியாகும்.