ஹனஹான் ஊரின் நிலத்தடி ஜலம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென் கரோலினா ராஜ்யத்தில், சார்ல்ஸ்டன் துறைமுகப் பட்டினத்தை அடுத்துள்ள ஹனஹான் என்னும் ஊரில், ராணுவத்தின் எரிபொருள் கிடங்கொன்றிலிருந்து 1975-ஆம் ஆண்டில் ஏறக்குறைய 80,000 காலன் விமான எண்ணெய் கசிந்து வெளியேறிற்று. அதிகாரிகள் உடனே முனைந்து, அள்ளக்கூடியதை அள்ளினார்களாயினும், மணற்பாங்கான அந்தப் பூமி எஞ்சியதை உறிஞ்சிக்கொண்டது. அதிலிருந்து பென்ஸீன், டொலுவீன் முதலிய விஷ வஸ்துக்கள் நிலத்தடி ஜலத்தில் கரைந்து, ஒருவர் கண்ணுக்கும் புலனாகாமல் சிறுகச் சிறுக நகர்ந்து, 1985-க்குள் குடித்தனங்கள் நிறைந்த பகுதியை எட்டிவிட்டன.

எண்ணெய் ஊறிய மண் முழுவதையும் தோண்டி அப்புறப்படுத்துவது சாத்தியமன்று. ஜலத்தை மட்டும் இறைப்போமென்றாலோ, அந்த மண் உள்ளவரையில் புதிதாக ஊறும் ஜலமும் விஷமாகும். இந்தச் சங்கடத்துக்குப் பரிகாரம் தேடி, அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் விஞ்ஞானிகள் பரிசோதனை செய்தபோது, அம்மண்ணில் இயல்பாகவே வாழ்ந்துவந்த நுண்ணுயிர்கள் அவ்விஷத்தையே ஆகாரமாகக் கொண்டு, அதைக் கரியமில வாயுவாக மாற்றிவருவதையும், தக்க ஊட்டப்பொருள்களைச் சேர்த்தால் அவ்வேலை மிகத் துரிதப்படுவதையும் கண்டார்கள்.

இந்த ஞானம் திடீரென்று உதித்ததன்று. எண்ணெயின் கூறுகளான ஹைட்ரோகார்பன்களை நுண்ணுயிர்கள் சிதைக்கும் விதத்தைக் கிளாட் ஸோபெல் என்பார் 1946-லேயே விரிவாகத் தொகுத்து எழுதியிருந்தார். பென்ஸில்வேனியாவிலுள்ள ஆம்ப்ளரில் பெட்ரோல் குழாய் கசிந்த இடத்தில், ரிச்சர்ட் ரேமண்ட் என்பார் 1972-இல் கிணறுகளின் வழியே காற்றையும் நைட்ரஜன், பாஸ்பரஸ் உப்புக்களையும் பூமிக்குள் செலுத்தி, அம்முறைக்கு 1974-இல் காப்புரிமையும் பெற்றார்.

ஹனஹானில் 1992-இல் காரியம் தொடங்கிற்று. ஊட்டப்பொருள்கள் கலந்த ஜலம், அதற்கென அமைத்த கசிவு வாய்க்கால்களின் வழியே மண்ணுக்குள் இறங்க, வரிசையாக இட்ட கிணறுகள் அசுத்த ஜலத்தை வெளியே இறைத்தன. 1993-இன் முடிவில் குடியிருப்புப் பகுதியின் மாசு 75 சதவிகிதம் குறைந்திருந்தது. வாய்க்கால்களுக்கு அருகிலோ, நூறு கோடிப் பங்கு ஜலத்தில் 5,000 பங்குக்கு மேல் டொலுவீன் இருந்த இடத்தில், பரிசோதனையில் அகப்படும் அளவுக்குக்கூட அது எஞ்சவில்லை.

மனிதன் இங்கே புதிய ஜீவன் எதையும் சிருஷ்டிக்கவில்லை; முன்பே உழைத்துக்கொண்டிருந்த ஜீவன்களுக்குக் குறைவது யாதென்று அறிந்து, அதைக் கொடுத்தான். அது மெச்சத்தக்க விவேகமேயாயினும், ஒரு கசிவு நேர்ந்து 18 ஆண்டுகள் சென்ற பின்பும் குடியிருப்பின் அடியில் கால் பங்கு மாசு மிஞ்சியிருந்தது என்பதை எண்ணுமிடத்து, விஷத்தைச் சேமித்து வைப்போர் அது சிந்தாமல் காப்பதே முதற்கடமை என்பதும், நுண்ணுயிர்களின் உதவி அக்கடமைக்கு ஒருகாலும் ஈடாகாது என்பதும் தெளிவாகும்.