தீர்ப்பே துணையாக: அமெரிக்க உச்ச நீதிமன்றம் வளர்ந்த வரலாறு

1787ஆம் ஆண்டுக் கோடையில் ஃபிலடெல்ஃபியா நகரில் ஜார்ஜ் வாஷிங்டன் தலைமையில் 55 பிரதிநிதிகள் கூடினர். ஆட்சியதிகாரம் முழுவதும் ஒரே கையில் சேர்ந்தால் என்ன நேரும் என்பதைப் பட்டறிந்தவர்கள் அவர்கள். ஆகவே சட்டம் இயற்றும் பொறுப்பைக் காங்கிரஸுக்கும், ஆட்சி நடத்தும் பொறுப்பை அதிபருக்கும், தீர்ப்பளிக்கும் பொறுப்பை நீதிமன்றத்துக்கும் பிரித்தளித்தனர். செப்டம்பர் 17 அன்று 39 பேர் அரசமைப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டனர். கருவூலம் காங்கிரஸிடம், படை அதிபரிடம். நீதிமன்றத்துக்கு அமைந்தது தீர்ப்புரைக்கும் உரிமை ஒன்றே.

ஆலிவர் எல்ஸ்வொர்த் முன்னின்று வரைந்த நீதித்துறைச் சட்டம் 1789 செப்டம்பர் 24 அன்று நிறைவேறியது. ஜான் ஜே முதல் தலைமை நீதிபதியானார். அவரோடு சேர்த்து நீதிபதிகள் 6 பேர். 1790 பிப்ரவரியில் நியூயார்க்கில் நடந்த முதல் அமர்வில் விசாரிக்க ஒரு வழக்குகூட இல்லை. ஆனால் ஓய்வும் இல்லை. கரடுமுரடான சாலைகளில் ஊர் ஊராகச் சென்று சுற்று நீதிமன்றங்களையும் அவர்களே நடத்த வேண்டியிருந்தது. தென்மாநிலச் சுற்றின் அலைச்சலைப் பலமுறை தாங்கிய ஜேம்ஸ் ஐர்டெல் 1799இல், தம் 48ஆம் வயதில் மறைந்தார். இந்தப் பயணக் கடமை சட்டப்படி முற்றிலும் நீங்க 1911 வரை ஆயிற்று.

1793இல் வாஷிங்டனின் அரசு, பிரான்சுடனான உடன்படிக்கை குறித்து நீதிபதிகளிடம் ஆலோசனை கேட்டது. வழக்காக வராத விவகாரத்தில் கருத்துரைப்பது எங்கள் பணியன்று என்று அவர்கள் பணிவுடன் மறுத்தனர். கேட்டவர் நாட்டின் தந்தையாகப் போற்றப்பட்டவர் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த மறுப்பின் உறுதி விளங்கும்.

1801இல் பொறுப்பேற்ற ஜான் மார்ஷல் 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக இருந்தார். வில்லியம் மார்பரிக்கு முந்தைய அரசு அளித்த நியமன ஆணையைப் புதிய அரசின் வெளியுறவுச் செயலர் ஜேம்ஸ் மேடிசன் தர மறுத்ததால் எழுந்த வழக்கில், 1803இல் தீர்ப்பு வந்தது. மார்பரிக்குப் பதவியில் உரிமை உண்டு. ஆனால் இவ்வழக்கில் நேரடியாகப் பேராணை பிறப்பிக்க நீதிமன்றத்துக்கு இடமளிக்கும் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது, எனவே செல்லாது என்றார் மார்ஷல். காங்கிரஸ் இயற்றிய சட்டமொன்று செல்லாதென அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. நீதிச் சீராய்வு அங்கே வேரூன்றியது. 1804இல் நீதிபதி சாமுவேல் சேஸ் மீது பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டியது. மறு ஆண்டு செனட் சபை அவரை விடுவித்தது. அரசியல் பகைக்காக நீதிபதியைப் பதவி நீக்கும் வழி அத்துடன் அடைபட்டது.

1814இல் ஆங்கிலப் படை தலைநகரின் கேபிடல் கட்டடத்துக்குத் தீ வைத்தபோது, அதில் ஒதுங்கியிருந்த நீதிமன்றம் இடமின்றித் தவித்தது. 1857இல் அடிமைமுறையைக் காத்து வழங்கிய ட்ரெட் ஸ்காட் தீர்ப்பின் களங்கத்தை உள்நாட்டுப் போரும் அரசமைப்புத் திருத்தங்களுமே துடைத்தன. 1866இல், வழக்கமான குடிமை நீதிமன்றங்கள் இயங்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ மன்றம் விசாரிக்கக் கூடாதென மில்லிகன் வழக்கில் நீதிமன்றம் அறிவித்தது. 1869இல் நீதிபதிகளின் எண்ணிக்கை 9 என நிலைபெற்றது.

சொந்தக் கட்டடம் அமைய 146 ஆண்டுகள் ஆயின. அதற்காக அயராது பாடுபட்ட தலைமை நீதிபதி டாஃப்ட் 1930இலும், வடிவமைத்த காஸ் கில்பர்ட் 1934இலும் காலமாயினர். 1935இல் அது திறக்கப்பட்டதை இருவருமே காணவில்லை.

1937இல் அதிபர் ரூஸ்வெல்ட் மேலும் 6 நீதிபதிகள் வரை நியமிக்க வழிகோலும் மசோதாவைக் கொண்டுவந்தார். 46 மாநிலங்களில் வென்று வந்த தலைவரின் மசோதாவை, அவர் கட்சியே பெரும்பான்மை பெற்றிருந்த செனட் சபை 70க்கு 20 என்ற வாக்குகளில் குழுவுக்குத் திருப்பியது. 1952இல் கொரியப் போரின்போது அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கைப்பற்றினார். அவராலோ ரூஸ்வெல்ட்டாலோ நியமிக்கப்பட்ட 9 பேரில் 6 பேர் அது செல்லாதென்றனர். ட்ரூமன் ஆலைகளை உடனே திருப்பித் தந்தார். 1974இல் குற்ற வழக்கொன்றுக்காகத் தம் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு அதிபர் நிக்சனுக்கு 8 நீதிபதிகளும் ஒருமனதாக ஆணையிட்டனர். அவர்களில் மூவர் நிக்சன் நியமித்தவர்கள். அவர் நாடாக்களை ஒப்படைத்தார். தீர்ப்பு வந்த 16 நாள்களில் பதவி விலகினார்.

காங்கிரஸும் இந்த வரம்புக்கு விலக்கன்று. கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சத்தாவின் வழக்கில், ஒரு சபை மட்டும் தீர்மானம் போட்டு அரசின் முடிவை ரத்து செய்யும் வழக்கத்தை நீதிமன்றம் 1983இல் முடித்துவைத்தது.

1967இல் தர்குட் மார்ஷல் முதல் கறுப்பின நீதிபதியாகவும், 1981இல் சாண்ட்ரா டே ஓ’கானர் முதல் பெண் நீதிபதியாகவும், 2022இல் கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் முதல் கறுப்பினப் பெண் நீதிபதியாகவும் பதவியேற்று இம்மன்றத்துக்குப் பெருமை சேர்த்தனர்.

சட்டத்தைத் தொழிலாக ஏற்ற நம் இளைஞர்கள் மார்பரி, எஃகு ஆலை, நிக்சன் வழக்குகளின் தீர்ப்புகளை முழுமையாகப் படிக்க வேண்டும். தம்மை நியமித்தவருக்கு எதிராகவும் தீர்ப்பெழுதிய நீதிபதிகளின் துணிவைப் போற்றுவோம். அத்தீர்ப்புக்குப் பணிந்த ஆட்சியாளர்களின் கடமையுணர்வையும் அதற்கு நிகராகப் போற்றுவோம்.