குமார் பொன்னம்பலம்: பெயர் தந்ததும் தராததும்

புறக்கோட்டையில் பஸ்ஸால இறங்கி மேட்டில் ஏறினால் புதுக்கடை நீதிமன்றம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட பெடியங்களின் தாய்மார் ஏறி இறங்கிய மேடு அது. அந்தப் பிள்ளைகளுக்காக வாதாடியவர்களில் ஒருவர் குமார் பொன்னம்பலம்.

‘வாரிசு அரசியல்’ என்றாலே எங்களுக்கு எரிச்சல்தான். அந்தக் கணக்கில் பார்த்தால் இவரும் வாரிசுதான். தகப்பன் ஜீ.ஜீ. பொன்னம்பலம் 1944இல் தமிழ்க் காங்கிரஸைத் தொடங்கியவர். ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கேட்டவர். பிறகு 1948இல் டி.எஸ். சேனநாயக்காவின் அமைச்சரவையில் சேர்ந்தவர். மகன் கஜேந்திரகுமார் 2001இல் பாராளுமன்றம் போனார். நடுவில் நின்ற குமார் மட்டும் ஒருநாளும் எம்.பி. ஆகவில்லை.

1977 தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணி அவருக்கு இடம் கொடுக்கவில்லை. வெளியே வந்து தகப்பனின் கட்சியைத் திரும்ப எழுப்பினார். 1982 ஜனாதிபதித் தேர்தலில் கூட்டணி ஒதுங்கி நிற்க, இவர் போட்டியிட்டார். நாடு முழுவதும் 1,73,934 வாக்குகள், 2.67 வீதம். ஆனால் யாழ்ப்பாண மாவட்டத்தில் 40 வீதம் எடுத்து முதலிடம். பெயர் அவ்வளவுக்குத்தான் கைகொடுத்தது.

மிச்சத்தை அவர் தேடிக்கொண்டது நீதிமன்றத்தில். 1996இல் செம்மணியில் கொல்லப்பட்ட மாணவி கிருசாந்தியின் விஷயத்தை வெளியே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட படையினன் 1998இல் வாய் திறந்த பிறகுதான் செம்மணிப் புதைகுழி பற்றி உலகம் அறிந்தது. 2025இலும் அங்கே எலும்புக்கூடுகளைத் தோண்டி எடுத்தார்கள்.

யுத்த காலத்தில், கொழும்பில் இருந்துகொண்டே புலிகளை வெளிப்படையாக ஆதரித்தார். 2000 ஜனவரி 5ஆம் திகதி வெள்ளவத்தையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். புலிகள் அவருக்கு ‘மாமனிதர்’ பட்டம் கொடுத்தார்கள்.

அதற்கு ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1999 ஜூலை 29ஆம் திகதி இதே கொழும்பில், முன்னாள் அமைச்சர் மு. திருச்செல்வத்தின் மகன் நீலனைக் கொன்றது புலிகளின் தற்கொலைக் குண்டுதாரி. அவரும் சட்டத்தரணி, அவரும் வாரிசு. அரசியலமைப்பைத் திருத்தித் தீர்வு காணலாம் என்று நம்பியவர்.

எங்கட வீடுகளில் ஒருவரைத் தியாகி என்பார்கள், மற்றவரைத் துரோகி என்பார்கள். வீட்டைப் பொறுத்துப் பெயர் மாறும். இரண்டு பேரின் அரசியலோடும் நாங்கள் சண்டை பிடிக்கலாம், பிடிக்கவும் வேணும். ஆனால் ஒரு கொலைக்கு அழுதுவிட்டு மற்றக் கொலைக்குக் காரணம் தேடுகிற பழக்கத்தையும் சேர்த்துத்தான் எங்களுக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வாரிசுரிமை எங்களுக்கு வேண்டாம்.