சுமைதாங்கியும் நிழற்படமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய வீதிகளில் செல்வோர் இன்றும் சில இடங்களில் சுமைதாங்கிகளைக் காணலாம். ஏறத்தாழத் தோளுயரத்திற்குக் கட்டப்பட்ட சிறு சுவர். சிலவிடங்களில் இரு கற்றூண்களின் மேல் கிடத்தப்பட்ட நெடுங்கல். அருகே கால்நடைகள் நீர் அருந்தக் கேணியும், அவை உடலை உராய்ந்துகொள்ள ஆவுரிஞ்சிக் கல்லும், வழிப்போக்கர் தங்க மடமும் அமைந்த இடங்களும் உண்டு.

தலைச்சுமையோடு நெடுந்தூரம் நடப்பவருக்கு உள்ள இடர் பாரம் மட்டுமன்று. சுமையை நிலத்தில் இறக்கிவிட்டால் மீண்டும் தலையில் ஏற்ற இன்னொருவர் கை வேண்டும். ஆளரவமற்ற வெளியில் அந்தக் கைக்கு எங்கே போவது? சுமையைத் தலையிலிருந்து அப்படியே நகர்த்தி வைத்து, இளைப்பாறிய பின் குனியாமலே மீண்டும் ஏற்றிக்கொள்ள ஏற்ற உயரத்தில் அமைந்ததே சுமைதாங்கி. உடன் வராத துணைவரின் இரு கைகள் என்று அதனைச் சொல்லலாம்.

கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நிறுவுவதும் நம் முன்னோர் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே சென்றவளின் பெயரால், ஊரார் சுமை இறக்க ஓர் இடம் தந்தார்கள். துயரத்தை அறமாக மாற்றிய மனத்தை என்னென்பது!

1905ஆம் ஆண்டில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் ஓடத் தொடங்கியது. பின்னர் துவிச்சக்கர வண்டியும் லொறியும் பெருகின. தலைச்சுமை குறைந்தது, சுமைதாங்கி மட்டும் நின்றது. வீதிகள் அகலிக்கப்பட்டபோது அவற்றுள்ளும் சில மறைந்தன. எஞ்சியவற்றை நிழற்படமாகவேனும் காத்தல் நம் கடனல்லவா?

இத்தகைய பணிக்கு முன்னோடி ஒருவர் உண்டு. 1853ஆம் ஆண்டு முதல் பாரிஸ் மாநகரின் பழைய தெருக்கள் பல இடிக்கப்பட்டுப் பெருவீதிகள் எழுந்தன. எஞ்சிய பழைய நகரை, 1890களின் இறுதியிலிருந்து பாரமான பெட்டிக் கமராவைச் சுமந்து சென்று படம்பிடித்தார் யூஜீன் அட்ஜே. அரண்மனைகளோடு அவர் நின்றுவிடவில்லை. கதவு தட்டும் வளையம், கடைப் பெயர்ப்பலகை, மாடிப்படி, குதிரை வண்டி, தெருவில் விளக்குமறைப்பு விற்பவர் ஆகிய அனைத்தையும் படமாக்கினார். ‘கலைஞர்களுக்கு வேண்டிய ஆவணங்கள்’ என்பதே தம் தொழிலுக்கு அவர் இட்ட பெயர். 1920இல் ஏறத்தாழ 2,600 கண்ணாடித் தகடுகளைப் பிரெஞ்சு அரசு அவரிடமிருந்து வாங்கியது. 1927இல் அவர் மறைந்தார். அன்று எளியவையாகத் தோன்றிய பொருள்களே இன்று அந்நகரின் வரலாற்றுச் சான்றுகள்.

ஆனால், நேயர்களே, கல்லை மட்டும் படம்பிடித்தால் போதாது. சுமைதாங்கியின் பொருள் முழுவதும் அதன் உயரத்தில் உள்ளது. தனியே நிற்கும் கல்லின் படத்தில் அந்த உயரம் தெரியாது. ஆகவே அவ்வூர் முதியவர் ஒருவரை அருகே நிறுத்துங்கள். இயலுமாயின் ஒருவர் தலைச்சுமையை அதன்மேல் வைக்கும் வேளையில் படம் எடுங்கள். ஊர், ஒழுங்கை, கட்டியவர், யார் நினைவாகக் கட்டப்பட்டது என்பனவற்றைக் கேட்டு, படத்தோடு எழுதி வையுங்கள். கல் இன்னும் பல ஆண்டுகள் நிற்கக்கூடும். அதன் கதையை அறிந்த முதியவர் அத்தனை காலம் இருப்பாரா?

படத்தை ஓரிடத்தில் மட்டும் வையாதீர்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் அழிந்தன. பாடசாலையில் ஒரு படி, வாசிகசாலையில் ஒரு படி, வீட்டில் ஒரு படி இருக்கட்டும்.

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. கமரா உள்ள தொலைபேசி இன்று பல வீடுகளில் உண்டு. மாணவர்கள் வரும் விடுமுறையில் தத்தம் ஊரிலுள்ள ஒரு சுமைதாங்கியிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம்.